நூல் கட்டிய மூன்று காய்கள்

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து நாற்பது அடி நடந்தால் கிணறு. கிணற்றுக்குச் சற்று முன்னால் ஒரு எல்லைக்கல் நட்டிருந்தது. கல்லுக்கு இந்தப் பக்கம் வீடும் தோட்டமும் பிரெஞ்சுக்காரன் ராஜ்யத்தில். அந்தப் பக்கம் கிணறு இங்கிலீஷ்காரன் ராஜ்யத்தில். இது ஏதோ அதிசயம் என்று இப்போது கேட்பவர்கள் நினைக்கிறார்கள். புதுச்சேரியை அடுத்த வில்லியனூர், பாகூர்ப் பக்கத்து எல்லைகள் அந்தக் காலத்தில் எலி கடித்த துணி மாதிரிதான் இருந்தன. வயல் ஒருவனுடைய ராஜ்யத்திலும் வரப்பு இன்னொருவனுடைய ராஜ்யத்திலும் கிடக்கும். மாடு பாஸ்போர்ட் இல்லாமல் மேய்ந்துவிட்டு வரும்.

நான் வில்லியனூர்ப் பக்கத்தில் ஒரு மேரியில் இரண்டாம் குமாஸ்தா. மேரி என்றால் கொம்யூன் அலுவலகம், ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி; அதன் தலைவர் மேர். பிறப்பு, இறப்பு, கல்யாணம், எல்லைத் தகராறு எல்லாம் என் மேசையைக் கடந்துதான் போகவேண்டும். கொம்யூனின் வரைபடத்தை என் கையால் மூன்று முறை நகல் எடுத்திருக்கிறேன். என் கையெழுத்தை மேர் ஐயா புகழ்ந்திருக்கிறார். நகல் எடுத்த நேரத்தில் ஒருமுறையாவது அந்த வரைபடத்தைப் பார்த்தும் இருக்கலாம் என்று பிறகுதான் எனக்குத் தோன்றியது.

தோட்டம் என் மனைவியுடையது. மாசியில் நட்டதெல்லாம் பங்குனியில் பிடித்துக்கொண்டு, சித்திரை வெயிலில் காய்க்கும். இரண்டு பாத்தி வெண்டை, ஒரு பாத்தி கொத்தவரை, தண்டுக்கீரை, துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் ஈரத்தைக் குடித்துக்கொண்டு புதினா, வேலியில் தூதுவளை. கொல்லைப்படிக்குப் பக்கத்தில் கனகாம்பரமும் இரண்டு மல்லிகைப் புதரும் இருந்தன. இவை எல்லாம் எந்த வீட்டிலும் இருக்கக்கூடியவை. எங்கள் தோட்டத்தில் மட்டும் இருந்தது ஒன்பது கத்தரிச் செடி.

அது அவள் அம்மா வீட்டுக் கத்தரி. வெளிர்ப் பச்சைக் காயில் வெள்ளை வரி ஓடும். காம்பில் முள் இருக்கும். எவ்வளவு வெயில் அடித்தாலும் கசக்காது. அவள் பிறந்த ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம். அம்மா இறந்த வருஷமே அவள் அண்ணன் அந்தத் தோட்டத்தை உழுது மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுவிட்டார். விதை அக்கம்பக்கத்தில் யாரிடமாவது இருக்குமா என்று விசாரித்தாள். யாரிடமும் இல்லை. காரியத்துக்குப் போனபோது அடுப்படிச் சுவரிலிருந்து பெயர்த்துக்கொண்டு வந்த விதைதான் உலகத்தில் மிச்சம்.

சுவரிலிருந்து பெயர்த்தது என்பதை விளக்கவேண்டும். அவள் ஊரில் விதையைச் சாம்பலில் புரட்டி, பசுஞ்சாணத்துக்குள் வைத்து வரட்டியாகத் தட்டிச் சுவரில் அடித்துவிடுவார்கள். விதைக்கும் காலத்தில் வரட்டியைப் பெயர்த்து நீரில் ஊறவைத்துக் கரைத்தால் விதை பூச்சி அரிக்காமல் இருக்கும். எங்கள் வீட்டுக்கு வந்ததும் அவள் அதையே செய்யப் போனாள். நான் தடுத்தேன். வெள்ளைக்காரத் துரைமார் எப்போதாவது வந்துபோகக்கூடிய வீட்டில் (ஒருவரும் வந்ததில்லை) சுவர் நிறையச் சாணி அப்பியிருப்பது சரியல்ல என்றேன். புதுச்சேரிக் கடையில் வாங்கிய பிஸ்கோத்துத் தகரடப்பா ஒன்றைக் கொடுத்தேன். காற்றுப் புகாது, எறும்பு ஏறாது, சுத்தம் என்று விளக்கினேன்.

கார்த்திகை மழை ஓய்ந்து டப்பாவைத் திறந்தபோது உள்ளே சாம்பல் நிறத்தில் பூஞ்சணம் கட்டியாக உட்கார்ந்திருந்தது. காற்றுப் புகவில்லை என்பது உண்மைதான். அவள் பூஞ்சணத்துக்குள்ளிருந்து நாற்பது விதை போலப் பொறுக்கி எடுத்துக்கொண்டு, டப்பாவை நன்றாகக் கழுவித் துடைத்து என் எழுதுமேசையின் மேல் வைத்தாள். நாற்பதில் ஒன்பது முளைத்தது.

ஒன்பதும் பங்குனி முடிவதற்குள் பிஞ்சு விட்டன. பலமான செடியில் முதலில் வரும் நல்ல பிஞ்சைப் பறிக்காமல் விதைக்கு விடுவது வழக்கம். தவறிப்போய் யாரும் பறித்துவிடாதபடி அதன் காம்பில் சிவப்பு நூல் கட்டுவார்கள். அது முற்றி, மஞ்சளாகிப் பழுக்க நாற்பது நாளுக்குக் குறையாது. அந்த நாற்பது நாளும் செடி காயக்கூடாது. அவள் ஆறு காய்க்கு நூல் கட்டினாள்.

இந்த இடத்தில்தான் நான் நேர்மையானவன் ஆனேன்.

இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடி பெரிய ரோட்டில் இருந்தது. எல்லை நெடுக நடந்து பார்க்க ஒரு சேவகன் உண்டு. பண்ருட்டிப் பக்கத்துக் குடியானவன், நடுத்தர வயது, நடப்பதில் அவனுக்குப் பெரிய விருப்பம் கிடையாது. எங்கள் கிணற்றுக்குப் பக்கத்துப் பனைமர நிழலில் உட்கார்ந்திருப்பான். என் மனைவி குடத்தோடு கல்லைத் தாண்டிப் போகும்போதும் வரும்போதும் அவன் பார்வை பனைமரத்தின் உச்சியில் இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை அவள் ஒரு பிடி வெண்டைக்காயோ, ஒரு கட்டுக் கீரையோ கல்லின் மேல் வைத்துவிட்டு வருவாள். அதை அவள் எனக்குச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பார்த்தேன்.

பிரெஞ்சு நிர்வாகத்தின் குமாஸ்தா வீட்டிலிருந்து அயல் அரசாங்கத்துச் சேவகனுக்கு அன்பளிப்பு. எனக்கு வியர்த்துவிட்டது. இனி ஒரு காம்புகூடக் கொடுக்கக்கூடாது என்றேன். நம் கிணற்றில் நாம் தண்ணீர் எடுக்க எவனுக்கும் கொடுக்கவேண்டியதில்லை, முறைப்படி அனுமதி வாங்கிவிடுகிறேன் என்றேன். அன்று மாலையே முத்திரைத் தாளில் மனு எழுதினேன். பிரெஞ்சில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று, தமிழில் நகல் ஒன்று. இணைப்பாகக் கிணற்றுப் பத்திரத்தின் நகல். நான் எழுதிய மனுக்களில் அதுதான் மிகச் சிறந்தது என்று இன்றைக்கும் சொல்வேன்.

மனு போகப்போவது சேவகனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. மறுநாள் காலை நான் அலுவலகம் புறப்படும்போது கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான்.

"ஐயா, இத்தினி வருசமா யாரும் வாணாம்னு சொல்லல. ஏன்னா யாரும் கேக்கல. இப்ப நீங்க கேட்டா, அவங்க எதுனா ஒண்ணு சொல்லித்தான ஆவணும்?"

அவனுக்கு நிர்வாக நடைமுறை தெரியாது என்று நினைத்துக்கொண்டு போய்விட்டேன்.

பத்து நாளில் சுங்க அதிகாரி சைக்கிளில் வந்தார். எங்கள் மொழிக்காரர்தான், என்னைவிட இளையவர், இஸ்திரி போட்ட அரைக்கால் சட்டை. என் மனுவைக் கையில் வைத்திருந்தார். மிகவும் மரியாதையாகப் பேசினார். மனு தெளிவாக இருப்பதாகவும், இந்த இடத்தில் ஆட்கள் எல்லை தாண்டுகிறார்கள் என்பதே இதைப் படித்துத்தான் தமக்குத் தெரிந்தது என்றும் சொன்னார். மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறாராம். உத்தரவு வரும்வரை இந்தக் கல்லைத் தாண்டி ஆளோ பொருளோ போகவோ வரவோ கூடாது. கிணற்றுக்குப் போகவேண்டுமானால் தாராளமாகப் போகலாம். பெரிய ரோட்டில் சாவடி வழியாகப் போய், சோதனை முடித்து, அதே வழியாகத் திரும்பவேண்டும். சேவகனைக் கூப்பிட்டு, இனிக் கல்லைவிட்டு அசையக்கூடாது என்றார். சாவடியில் சோதனைக்கு இரண்டாவது ஆள் இல்லாததால் அவள் குடத்தோடு புறப்படும்போதெல்லாம் அங்கேயும் அவனே ஓடவேண்டும் என்றானது.

சாவடி வழியாகக் கிணறு முக்கால் மைல்.

அவர் போனபின் என் மனைவி கொல்லைக் கதவருகே வந்தாள். உத்தரவு வர எத்தனை நாள் ஆகும் என்று கேட்டாள். நான் விளக்கினேன். மனு பதிவாகவேண்டும், குறிப்பு எழுதவேண்டும், அறிக்கை கேட்பார்கள், அறிக்கை வந்ததும் இரண்டு அரசாங்கமும் கடிதம் எழுதிக்கொள்ளவேண்டும். அவள் முழுவதையும் கேட்டாள்.

"நூலு கட்டுன காய் பழுக்க இன்னும் முப்பது நாளாவது வோணும். உங்க கடுதாசி அதுக்குள்ள பழுக்குமா?"

எங்கள் பக்கத்தில் வேறு தண்ணீர் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். தெருமுனையில் பொதுக்கிணறு இருந்தது. அது உப்பு. கீரைக்கு ஊற்றினால் இரண்டு நாளில் ஓரம் கருகும். குளம் பங்குனியிலேயே வெடித்துவிட்டது. கூலிக்கு ஆள் வைக்கலாம் என்றேன். தினமும் சாவடியில் சோதனை என்றதும் ஒருத்தியும் வரவில்லை.

அவள் நடந்தாள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். காலையில் மூன்று நடை, வெயில் சாய்ந்ததும் மூன்று நடை. ஒவ்வொரு நடையிலும் சாவடியில் குடத்தை இறக்கி வைக்கவேண்டும். தண்ணீருக்குள் ஏதாவது ஒளித்திருக்கிறதா என்று சேவகன் ஒரு கோலை விட்டுத் துழாவவேண்டும். அப்படித்தான் உத்தரவு. முதல் நாள் அவன் கோலை எடுத்தபோது அவள் குடத்தைக் கையால் மூடிக்கொண்டாளாம்.

"கோல கழுவிட்டு வுடு. செடிக்குப் போற தண்ணி."

அவன் கோலைக் கழுவிய பிறகே தண்ணீரில் விட்டான். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் கழுவினான். வாங்கிய கீரைக்கு அவன் காட்டிய நன்றி அவ்வளவுதான் என்று நான் அப்போது நினைத்தேன்.

பன்னிரண்டு குடம் ஒரு தோட்டத்துக்குப் போதாது. எதைச் சாகவிடுவது என்பதை அவள் முடிவு செய்துகொண்டே வந்தாள். முதலில் கனகாம்பரம். அடுத்து மல்லிகை. கொத்தவரை தானே விடைபெற்றுக்கொண்டது. வெண்டையைப் பிடுங்கி, அந்தச் செடிகளையே கத்தரிக்கு அடியில் பரப்பி ஈரத்தைக் காப்பாற்றினாள். புதினா இருந்த இடத்தில் துவைக்கும் கல் மட்டும் இருந்தது. ஓட்டைப் பானைகளைத் தேடி எடுத்து, ஓட்டையில் துணித்திரி செருகி, ஒவ்வொரு கத்தரிச் செடியின் வேருக்குப் பக்கத்திலும் கழுத்துவரை புதைத்தாள். பானையில் ஊற்றிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக வேருக்கு இறங்கும். அப்படியும் சித்திரை பிறந்த பத்தாவது நாளில் நான்கு செடி தலை சாய்த்தன. அவற்றோடு நூல் கட்டிய மூன்று காயும் போயின.

மிச்சம் ஐந்து செடி, நூல் கட்டிய மூன்று காய்.

நான் இந்த நாட்களில் என்ன செய்தேன் என்றால், சட்டையும் கோட்டும் போட்டுக்கொண்டு எட்டு மணிக்கு அலுவலகம் போனேன். அங்கே என் கோப்பு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரித்தேன். மாலையில் வந்து அவளுக்குச் சொன்னேன். அவள் குடத்தை இறக்காமலே கேட்டுவிட்டுப் போவாள்.

ஒருநாள் கிணற்றுக்கும் சாவடிக்கும் இடையிலிருந்த பனங்காட்டில் கால் பிசகி விழுந்துவிட்டாள். குடம் உடைந்தது. கணுக்கால் வீங்கி, மறுநாள் எழுந்திருக்க முடியவில்லை. படுத்த இடத்திலிருந்து அவள் என்னைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, பானையில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். நான் போய்க் கையை விட்டுப் பார்த்தேன். ஐந்திலும் ஈரம் மட்டும்தான் இருந்தது. இலைகள் வெற்றிலைச் சருகு போலத் தொங்கின.

அன்றும் அடுத்த மூன்று நாளும் நான் குடம் தூக்கினேன். மேரி குமாஸ்தா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தோளில் குடத்தோடு தெருவில் போவதைப் பார்க்க வீட்டுக்கு வீடு ஆள் நின்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம். சாவடியில் குடத்தை இறக்கினேன். சேவகன் கோலைக் கழுவினான்.

"உத்தரவுங்க ஐயா," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. உத்தரவை வரவழைத்தவன் நான் என்பதை அவன் சொல்லவில்லை.

பாதித் தண்ணீர் என் முதுகில் வழிந்துவிடும். ஆனாலும் செடிகள் பிழைத்தன.

ஐந்தாம் நாள் அவள் நொண்டிக்கொண்டே குடத்தை எடுத்துக்கொண்டாள். என்னால் தாங்க முடியவில்லை. அதனால் எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தை மறுபடியும் செய்தேன். நினைவூட்டு மனு ஒன்று எழுதினேன். கிணறு எல்லையிலிருந்து எத்தனை அடியில் இருக்கிறது என்பதை அளந்து பார்த்தால் விஷயம் எவ்வளவு சிறியது என்று அதிகாரிகளுக்கே விளங்கும் என்று அதில் குறிப்பிட்டேன்.

அளக்க வந்தார்கள். அதிகாரி, அளவைக்காரர், இரும்புச் சங்கிலி பிடிக்க இரண்டு பேர். இரு தரப்பு வரைபடங்களும் வந்திருந்தன. எங்கள் தரப்பு வரைபடம் என் கையெழுத்தில் இருந்தது. நடுப்பகலில் சங்கிலியைக் காய்ந்த வெண்டைப் பாத்தியின் குறுக்கே இழுத்தார்கள். அளவைக்காரர் இரண்டு முறை அளந்தார். மூன்றாவது முறை என்னையே சங்கிலியின் முனையைப் பிடிக்கச் சொன்னார். வரைபடத்தில் கல் இருக்கவேண்டிய இடம் எங்கள் கொல்லைப்படிக்கு இரண்டடி தள்ளி இருந்தது. யாரோ ஒரு காலத்தில் கல்லைப் பெயர்த்துக் கிணற்றோரமாக நட்டிருக்கிறார்கள். யார் என்று அதிகாரி கேட்டார். கொல்லை சதுரமாக இருக்கவேண்டும் என்று என் அப்பாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எனக்குத் தெரியாது என்றேன்.

அதிகாரி கல்லைப் படிக்கருகே மாற்றி நடவைத்தார். அதையொட்டிக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு வேலி அடைத்தார்கள். அடுப்படி ஒரு ராஜ்யத்திலும், கத்தரிப் பாத்தியும் கிணறும் இன்னொரு ராஜ்யத்திலும் ஆகிவிட்டன. கொல்லைக் கதவைத் திறந்தால் முள். முள்ளுக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் மூன்று காய்.

எனக்கு இதில் ஒரு வெற்றி தெரிந்தது. கிணறும் பாத்தியும் ஒரே பக்கம் வந்துவிட்டதால் இனிக் குடம் சுமந்து எல்லை தாண்டவேண்டியதில்லை. அவள் காலையில் ஒருமுறை சாவடி வழியாகப் போனால் போதும். அங்கேயே இறைத்து அங்கேயே ஊற்றலாம். இதை நான் சொல்லி முடிப்பதற்குள் அதிகாரி தொண்டையைக் கனைத்தார். நிலம் எங்களுடையதுதான், அதில் ஆட்சேபம் இல்லை என்றார். ஆனால் அதில் விளைந்தது எந்த நாட்டுச் சரக்கு என்ற கேள்வி இப்போது எழுந்திருக்கிறது. உத்தரவு வரும்வரை இந்த நிலத்திலிருந்து ஒரு காயும் இந்தப் பக்கம் வரக்கூடாது. இருப்பதை எண்ணிப் பட்டியல் போடவேண்டும். வாரா வாரம் வந்து சரிபார்ப்பார். கையெழுத்து நன்றாக இருப்பதால் பட்டியலை நானே எழுதிவிடலாமே என்றார்.

எழுதினேன். கத்தரிச் செடி ஐந்து. காய் பதினொன்று. அவற்றுள் காம்பில் சிவப்பு நூல் கட்டியவை மூன்று. கீழே கையொப்பம், நகல் ஒன்று எனக்கு.

அதன்பின் செடிகளுக்குத் தண்ணீர்க் குறைவில்லை. காய்கள் வெளுத்து, மஞ்சள் ஏறத் தொடங்கின. மற்ற பெண்களுக்கு நகை மெருகேறுவது போல இவளுக்கு அந்த மஞ்சள் என்று நான் சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். அவள் முகம் நாளுக்கு நாள் இறுகியது. காரணம் எனக்கும் தெரியும். பழுத்த கத்தரி செடியில் பத்து நாள் நிற்காது. வெடிக்கும், புழு வைக்கும், அழுகி விழும். பட்டியலில் இருக்கும் காயைப் பறித்தால் கணக்கு இடிக்கும். அந்தப் பக்கத்திலேயே எங்காவது விதைத்துக்கொள்ளலாம் என்றால், உத்தரவு எப்படி வருமோ, நிலம் எவன் கையில் நிற்குமோ.

வைகாசி முதல் வாரத்தில் ஒரு மாலை. சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"அந்தப் பட்டியல்ல வெதன்னு எதுனா எழுதியிருக்கீங்களா?"

நான் நகலை எடுத்து வந்து படித்தேன். தேவையில்லை; எனக்கு மனப்பாடம். செடி என்று எழுதியிருக்கிறேன், காய் என்று எழுதியிருக்கிறேன் என்றேன்.

"சாணி, சாம்பலு?"

"இல்லை."

"சரி, சாப்புடுங்க," என்றாள்.

மறுநாள் அவள் மடியில் சாம்பல் முடிச்சோடு சாவடியைத் தாண்டிப் போனாள். நான் அலுவலகத்துக்குத் தாமதமாகப் போனேன். உத்தியோகத்தில் அது முதல் தடவை. அடுப்படிப் பக்கத்திலிருந்து முள்வேலியின் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அவள் சேவகன் உட்கார்ந்திருந்த பனைமரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு முதல் செடியின் முன்னால் உட்கார்ந்தாள். காயைப் பறிக்கவில்லை. காம்பிலேயே தொங்கவிட்டு, அடிப்பக்கமாக ஒரு கீறு கீறி, விரலை விட்டு விதையையும் சதையையும் வழித்துத் தோண்டியில் போட்டாள். தோலை மறுபடியும் கூட்டிப் பிடித்து, ஒரு முள்ளைக் குத்தி மூடினாள். சிவப்பு நூல் அசையவே இல்லை. மூன்று காயும் அப்படியே. பிறகு கிணற்றடியில் விதையைக் கழுவினாள். மிதந்ததை ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதை நிழலில் துணியில் பரப்பினாள். சாயங்காலம் அது சாம்பலில் புரண்டு, பனங்காட்டில் மேய்ந்த மாடுகளின் சாணத்துக்குள் போய், கிணற்றுச் சுவரில் பன்னிரண்டு வரட்டியாக அப்பிக்கொண்டிருந்தது.

நான் சாணி கூடாது என்று சொன்ன சுவர் இது இல்லை. அந்தச் சுவர் என் ராஜ்யத்திலும் இல்லை.

வரட்டி காய மூன்று நாள் வேண்டும். மூன்றாம் நாள் அதிகாரி சரிபார்க்க வரும் நாள். அன்று நான் அரை நாள் விடுப்புக் கேட்டு, சாவடி வழியாகச் சுற்றி நானும் அந்தப் பக்கம் போய் நின்றேன். கையில் பட்டியலின் நகல். அவள் சுவரிலிருந்து வரட்டியைப் பெயர்த்துக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அதிகாரி சைக்கிளைப் பனைமரத்தில் சாய்த்துவிட்டுப் பாத்திக்கு வந்தார். பென்சில் முனையால் ஒவ்வொரு காயாகச் சுட்டி எண்ணினார். எட்டுப் பச்சைக் காய் சரி. நூல் கட்டியது ஒன்று. இரண்டு. அந்த நேரம் பார்த்து மேற்கிலிருந்து ஒரு காற்று வந்தது. பழுத்த கத்தரிக்காய் கனமானது, காற்றுக்கு அசையாது. மூன்றாவது காய் ஜிமிக்கி மாதிரி ஆடியது.

அவர் பென்சிலை நிறுத்தினார்.

"இது ஏன் இப்படிச் சுருங்கியிருக்கு?"

இந்தக் கேள்விக்கு எந்தப் படிவமும் இல்லை. அவள் வரட்டி அடுக்குவதை நிறுத்தாமல் பதில் சொன்னாள்.

"சித்திர மாசம் பூரா தண்ணி இல்லீங்களே. அதான்."

தண்ணீர் என்ற சொல் வந்ததும் அதிகாரி என்னைப் பார்த்தார். தண்ணீர் எங்கள் முதல் கோப்பு. அதைப் பற்றி இங்கே ஒரு வரி எழுதினால் ஏன் தண்ணீர் இல்லை என்றும் எழுதவேண்டிவரும். அவரும் நடைமுறை தெரிந்தவர்தான். மூன்று என்று குறித்துக்கொண்டார். என்னிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போனார்.

நேரே போய்விடுவார் என்று நினைத்தோம். நாங்கள் சாவடியை அடைந்தபோது அவர் சைக்கிள் வாசலில் நின்றது. உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். சேவகன் எங்களுக்குப் பின்னாலேயே ஓடிவந்து வெளியே சோதனைப் பலகையருகே நின்றான். அவள் கூடையை இறக்கினாள்.

அவன் வரட்டியைச் சோதிப்பது வழக்கமில்லை. எந்தச் சாவடியிலும் யாரும் சோதித்ததில்லை. ஆனால் அதிகாரி உள்ளே இருந்ததால் ஒன்றைக் கையில் எடுத்தான். எடை பார்ப்பது போலத் தூக்கினான். வெயிலில் விளிம்பு வெடித்திருந்தது. வெடிப்பில் கட்டைவிரலை வைத்து லேசாக நகர்த்தினான். தட்டையாக, பொன்னிறத்தில், சாம்பல் ஒட்டிய ஒரு விதை வெளியே தெரிந்தது.

பண்ருட்டிப் பக்கத்துக் குடியானவனுக்கு அது என்னவென்று நான் மனு எழுதி விளக்கவேண்டியதில்லை. அவன் அவளைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். அவள் கை கூடையின் விளிம்பைப் பிடித்திருந்தது. ஒரு சொல் போதும். பட்டியல் பொய், கையொப்பம் பொய், உத்தியோகம் போச்சு, விதை போச்சு. எனக்கு அந்த வரிசையில் தோன்றியது. அவளுக்குக் கடைசியிலிருந்து தோன்றியிருக்கும்.

"என்ன அது?" என்று உள்ளேயிருந்து அதிகாரி கேட்டார்.

"வரட்டிங்க," என்றான் சேவகன்.

"எத்தனை?"

அவன் கூடையைப் பார்த்தான். கையிலிருந்ததைப் பார்த்தான். பிறகு குனிந்து, அந்த ஒன்றைப் பலகைக்கு அடியில் இருந்த தன் சோற்று மூட்டைக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்தான்.

"பதினொண்ணுங்க."

"வரட்டியெல்லாம் எழுதவேண்டாம், போகச் சொல்லு."

அவள் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். ஏற்றிவிட அவன் கை கொடுத்தான். நான் எண்ணியிருந்தேன், பன்னிரண்டு. அயல் அரசாங்கத்துச் சேவகனுக்கு ஒரு காம்புகூடக் கொடுக்கக்கூடாது என்று சொன்னவன் நான்தான். கணக்கில் ஒன்று குறைகிறது என்று நான் சுட்டிக்காட்டவில்லை.

வழியில் அவளுக்கு நொண்டல் இன்னும் இருந்தது. தெரு திரும்பியதும், நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்," என்றாள். கேட்காமல் எடுத்ததுதான் பத்திரம் என்று நான் சொன்னேன். எனக்குத் தெரிந்த நடைமுறைகளில் இது மட்டும் அவளுக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது.

பதினொரு வரட்டியும் எங்கள் அடுப்படிச் சுவரில், வாசலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும் இடத்தில், வரிசையாக உட்கார்ந்தன. சாணிப்பால் பூசி ஒட்டினாள். தையில் ஒன்றைக் கரைத்தபோது அறுபதுக்கு மேல் விதை இருந்தது, பெரும்பாலும் முளைத்தது. நாற்று நட இடம் தேடவேண்டியிருந்தது. கொல்லை இன்னும் முள்ளுக்கு அந்தப் பக்கம்தான். அதனால் தெருப்பக்கம், வாசலின் இரண்டு ஓரத்திலும், மேரி குமாஸ்தா வீட்டு முகப்பில் கத்தரி நின்றது. வெள்ளைக்காரத் துரைமார் அந்த வருஷமும் வரவில்லை.

உத்தரவு அந்த மாசியில் வந்தது. உத்தரவு என்றும் சொல்ல முடியாது. மனுவில் குறிப்பிட்ட தோட்டத்தில் தற்போது என்னென்ன பயிர் உள்ளது, எந்த நிலையில் உள்ளது என்று மூன்று பிரதிகளில் தெரிவிக்கும்படி கேட்டிருந்தார்கள். தடித்த, நல்ல தாள். நான் மைக்கூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு மூடிவிட்டேன். முப்பத்தோரு வருஷ உத்தியோகத்தில் நான் பதில் எழுதாத கடிதம் அது ஒன்றுதான்.

பக்கத்து ஊரிலிருந்து யாரோ ஒருத்தி கத்தரி விதை கேட்டு வந்தபோது என் மனைவி மடிக்க ஒரு தாள் கேட்டாள். அந்தக் கடிதத்தையே எடுத்துக் கொடுத்தேன். தடவிப் பார்த்து, சர்க்கார் தாள் ஈரம் இழுக்காது என்றாள்.